கரடிப் பித்தமும் மாட்டுப் பித்தமும்

சீன மரபு மருத்துவத்தில் விலங்குப் பொருள்கள் சேர்வதைக் கண்டிப்போர், காண்டாமிருகக் கொம்பையும் அழுங்கு எனப்படும் எறும்புத்தின்னியின் செதிலையும் முன்னிறுத்தி, மனித நகத்திலுள்ள கெரட்டின் என்னும் புரதமே அவற்றிலும் இருப்பதைக் காட்டி, அனைத்தையும் மூடநம்பிக்கை என ஒதுக்குவது வழக்கம். கரடிப் பித்தத்தை அவ்வாறு ஒதுக்க இயலாது. அதில் மருந்து உண்மையாகவே இருக்கிறது.

தாங் அரசமரபுக் காலத்தில், 659இல் தொகுக்கப்பட்ட மருந்துநூலிலேயே இடம்பெற்ற இப்பித்தம், உடற்சூட்டைத் தணிக்கவும் கல்லீரல், கண் நோய்களைத் தீர்க்கவும் தரப்பட்டு வந்தது. 1927இல் ஜப்பானில் இதிலிருந்து படிகமாகப் பிரித்தெடுக்கப்பட்ட உர்சோடியாக்சிகோலிக் அமிலம், கொலஸ்டிராலால் உண்டாகும் பித்தப்பைக் கற்களைக் கரைக்கவும் பித்தநாளங்கள் மெல்லச் சிதையும் ஒருவகைக் கல்லீரல் நோயைக் கட்டுப்படுத்தவும் இன்று உலகெங்கும், தமிழ்நாட்டு மருந்துக்கடைகளிலும்கூட, மாத்திரையாக விற்கப்படுகிறது. அதைச் செயற்கையாக உருவாக்கும் முறை 1950களிலேயே ஜப்பானில் கண்டறியப்பட்டது. இறைச்சிக்கூடங்களில் மிஞ்சும் மாட்டுப் பித்தமே அதற்கு மூலப்பொருளாகப் போதும்.

மாற்று கைக்கு வந்து முப்பது ஆண்டுகள் கழித்து, 1980களில்தான் சீனாவில் கரடிப் பண்ணைகள் பெருகின என்பது விந்தையே. அனைத்துலக வணிகத்தைத் தடுக்கும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதற்பட்டியலில் ஆசியக் கருங்கரடி 1979இல் சேர்க்கப்பட்டிருந்தது. காட்டில் ஒரு பித்தப்பைக்காக ஒரு கரடியைக் கொல்வதைவிட, கூண்டில் உயிரோடு வைத்துப் பித்தம் எடுப்பது மேல் என்று வாதிடப்பட்டது. ஆனால், வயிற்றுச் சுவருக்கும் பித்தப்பைக்கும் இடையே இடப்படும் துளையை ஆறவிடாமல் வைத்திருப்பதால் அழற்சியும் சீழும் அக்கரடிகளை வாட்டுகின்றன. காட்டுக் கரடியின் பித்தமே வீரியம் மிக்கது என்னும் நம்பிக்கையும் வாங்குவோரிடம் குறையாததால், வேட்டையும் ஓயவில்லை.

காட்டுயிரைப் பயன்படுத்தத்தக்க வளமாகவும் கருதி, வளர்ப்பை ஊக்குவித்த 1988ஆம் ஆண்டுச் சீனச் சட்டம் இப்பண்ணைகளுக்கு வலுவூட்டியது. 2020 பிப்ரவரியில் காட்டு விலங்கு உண்பதைத் தடைசெய்த சீனா, மருந்துப் பயன்பாட்டுக்கு விலக்களித்தது. அடுத்த மாதமே கரடிப் பித்தம் கலந்த ஊசிமருந்து ஒன்று கோவிட் சிகிச்சை வழிகாட்டுதலில் இடம்பெற்றது. எறும்புத்தின்னிக்கு அதே ஆண்டு முதல்நிலைப் பாதுகாப்புக் கிடைத்தது. கரடிப் பண்ணைகள் நீடித்தன.

சீனாவுக்கு மாறாக, தென்கொரியா 2026 ஜனவரி முதல் பித்தம் எடுப்பதைத் தடைசெய்யும் சட்டத்தை இயற்றியுள்ளது. கூண்டிலேயே பிறந்து வளர்ந்த கரடிகளைக் காட்டில் விட இயலாதாகையால், அவற்றுக்கு வாழ்நாள் முழுவதும் இடமும் தீனியும் தரும் காப்பகங்களை அமைப்பதே அங்கு அடுத்த சிக்கல்.