பூட்டு எவ்வளவு நேரம் தாங்கும்?

எங்கள் கல்லூரி மாணவர் ஒருவர் ஒருநாள் வெட்டுண்ட கம்பிவடம் ஒன்றைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார். சுண்டுவிரல் பருமன், மேலே கறுப்புப் பிளாஸ்டிக் உறை. காலையில் ரயில் நிலையத்துக்கு வெளியே அந்த வடத்தால் பூட்டிவிட்டுப் போன சைக்கிள் மாலையில் இல்லை. விடுமுறை நாட்களில் வேலை செய்து சேர்த்த 30,000 ரூபாய்க்கு வாங்கிய கியர் வண்டி அது. "பூட்டில் ஒரு கீறல்கூட இல்லையே, சார். பிறகு எப்படிப் போயிற்று?" என்று கேட்டார்.

அவர் கேள்விக்கான விடை பள்ளிப் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. நெம்புகோலும், பரப்பும், பெருக்கல் வாய்ப்பாடும் தெரிந்தால் போதும். வாருங்கள், பார்ப்போம்.

சக்கரப் பூட்டு போதுமா?

பின்சக்கரத்தின் ஆரக்கம்பிகளுக்கு இடையே ஒரு கம்பி நுழைந்து நிற்கும் வளையப் பூட்டு நமக்கெல்லாம் பழக்கமானது. அது வண்டியை உருட்ட விடாது. ஆனால் தூக்குவதைத் தடுக்காது. ஏறத்தாழ 20 கிலோ எடையுள்ள பழைய இரும்பு வண்டியைத் தோளில் சுமந்து ஓடுவது எளிதல்ல. அலுமினியக் கலவையில் செய்த இக்கால வண்டியோ 13, 14 கிலோதான் இருக்கும். வண்டி இலேசாக ஆக, அதை அசையாத ஒரு பொருளோடு பிணைக்க வேண்டிய தேவை கூடுகிறது.

வெட்டும் கருவியின் கணக்கு

கம்பி வெட்டும் போல்ட் கட்டர் இரட்டை நெம்புகோல். கைப்பிடியின் நீளம் 60 செ.மீ., சுழல் முனையிலிருந்து இணைப்பு வரை 3 செ.மீ. என்று கொள்வோம். விசை 20 மடங்கு ஆகிறது. அடுத்து அலகுப் பகுதியில் அது மேலும் 4 மடங்கு ஆகிறது எனில், மொத்தம் 80 மடங்கு. 25 கிலோ எடைக்குச் சமமான விசையோடு ஒருவன் அழுத்தினால், வெட்டு முனையில் 2,000 கிலோ எடையின் விசை! உராய்வில் சிறிது குறையும், அவ்வளவே.

சாதாரண எஃகை வெட்ட, ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் சுமார் 30 கிலோ எடையின் விசை வேண்டும். 8 மி.மீ. விட்டமுள்ள கம்பியின் குறுக்குப் பரப்பு 50 ச.மி.மீ. எனவே 1,500 கிலோ போதும், கம்பி வெட்டுப்படும். 16 மி.மீ. கம்பிக்குப் பரப்பு 200 ச.மி.மீ. தேவைப்படும் விசை 6,000 கிலோ. விட்டம் இரு மடங்கானால் வலிமை நான்கு மடங்காகிறது என்பதைக் கவனியுங்கள். ஆகவே பூட்டு வாங்கும்போது ஒவ்வொரு மில்லிமீட்டரும் முக்கியம்.

அப்படியானால் சுண்டுவிரல் பருமனுள்ள வடம் ஏன் தோற்றது? அந்தப் பருமனில் ஒரு பகுதி பிளாஸ்டிக். ஒரு பகுதி இழைகளுக்கு இடையே உள்ள வெற்றிடம். எஞ்சியவை மெல்லிய கம்பி இழைகள். அவை ஒன்றாகச் சேர்ந்து எதிர்ப்பதில்லை. அலகில் அகப்பட்ட சில இழைகள் முதலில் அறும். பிறகு அடுத்த சில. கயிற்றைப் புரி புரியாக அறுப்பது போலத்தான்.

வெளியே கடினம், உள்ளே உறுதி

எஃகைச் செந்தணலாகக் காய்ச்சி, சட்டென்று எண்ணெயிலோ நீரிலோ தோய்த்தால் அது மிகக் கடினமாகிறது. இரம்பம் அதன்மேல் வழுக்கிப் போகும். ஆனால் கடினம் மிகுந்த பொருள் நொறுங்கவும் செய்யும். முழுவதும் கடினமாக்கிய கம்பி ஒரே சம்மட்டி அடியில் உடையக்கூடும். எனவே நல்ல பூட்டுக் கம்பியின் மேல்தோலை மட்டும் கடினமாக்கி, உட்பகுதியை அடி தாங்கும் உறுதியோடு விட்டுவிடுகிறார்கள்; அல்லது மீண்டும் அளவாகச் சூடாக்கி நொறுங்கும் தன்மையைக் குறைக்கிறார்கள். பளபளப்பைப் பார்த்து இதை அறிய முடியாது. பிரிட்டனில் சோல்ட் செக்யூர் என்னும் அமைப்பு பூட்டுகளைக் கருவிகளால் தாக்கிச் சோதித்து வெண்கலம், வெள்ளி, தங்கம், வைரம் எனத் தரம் பிரிக்கிறது. அத்தகைய முத்திரை பூட்டில் இருந்தால் அதை நம்பலாம்.

சாவித் துளைக்குள்ளே

மரத்தால் ஆன முளைப் பூட்டுகளைப் பண்டைய எகிப்தியர் பயன்படுத்தினர். அதே தத்துவத்தைச் சிறிய உலோக உருளைக்குள் அடக்கி 1861-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் லைனஸ் யேல் இளையவர். உருளைக்குள் முளைகள் வரிசையாகச் சுருள்வில்லின் அழுத்தத்தில் நிற்கின்றன. சரியான சாவி ஒவ்வொரு முளையையும் உரிய உயரத்துக்கு உயர்த்தும்போதுதான் உருளை திரும்பும். 5 முளைகள், ஒவ்வொன்றுக்கும் 6 உயரங்கள் என்றால், 6×6×6×6×6 = 7,776 வெவ்வேறு சாவிகள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டில் முளைகளுக்குப் பதில் நெம்புத் தகடுகள் உள்ளன. அங்கும் பெருக்கல் கணக்கே காவல் நிற்கிறது.

ஆனால் ஒரு சிக்கல். எந்தத் தொழிற்சாலையாலும் ஐந்து துளைகளையும் மிகச் சரியாக ஒரே நேர்கோட்டில் இட முடியாது. உருளையை இலேசாகத் திருப்பிப் பிடித்தால் ஏதாவது ஒரு முளை முதலில் இறுகும். அதை மட்டும் சரிசெய்தபின் அடுத்தது. இப்போது கணக்கு 6×6×6×6×6 அல்ல; 6+6+6+6+6 = 30 தான்! பெருக்கல் கூட்டலாக மாறிவிடுகிறது.

எண் பூட்டிலும் இதுவே நிகழ்கிறது. நான்கு சக்கரங்களில் 10,000 எண்கள். ஒன்றுக்கு 3 விநாடி என்றால் எல்லாவற்றையும் முயன்று பார்க்க 8 மணி 20 நிமிடம் ஆகும். ஆனால் மலிவான பூட்டில் ஒவ்வொரு சக்கரமும் பிடிக்கும் இடத்தை விரலால் தனித்தனியே உணர முடிந்தால், 40 முயற்சிகள், 2 நிமிடம்.

நுட்பமான பூட்டும் ஏமாறியதுண்டு. 2004-இல் அமெரிக்காவில், புகழ்பெற்ற கிரிப்டோனைட் நிறுவனத்தின் வட்டத் துளைப் பூட்டுகள் சாதாரணப் பந்துமுனைப் பேனாவின் பிளாஸ்டிக் கூட்டால் திறந்துகொண்டன. மென்மையான பிளாஸ்டிக், முளைகளுக்கேற்பத் தானே நெளிந்து சாவியாகிவிட்டது! நிறுவனம் அவற்றை மாற்றித் தர நேர்ந்தது.

வெற்றிடமே பகை

யூ வடிவப் பூட்டு மிக உறுதியானது. ஆனால் அதன் உள்ளே இடைவெளி மிகுந்தால், நீண்ட கடப்பாரையை நுழைத்துத் திருகலாம். சிறு ஜாக்கியை வைத்து விரிக்கலாம். திருப்புத்திறன் என்பது விசையையும் தொலைவையும் பெருக்கிய தொகை அல்லவா? கருவி நுழைய இடமே இல்லாவிட்டால் அந்தப் பெருக்கம் பிறக்காது. ஆகவே வண்டியின் சட்டமும் சக்கரமும் கம்பமும் உள்ளே நெருங்கி நிறையும் சிறிய யூ பூட்டே சிறந்தது.

பூட்டு விற்பது நேரம்

1851-இல் லண்டன் மாபெரும் பொருட்காட்சியின்போது, யாராலும் திறக்க முடியாது என்று பல்லாண்டுகள் சவால் விட்டு நின்ற பிராமா பூட்டை ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் திறந்துகாட்டினார். அதற்கு அவருக்கு 16 நாட்களில் 51 மணி நேரம் ஆயிற்று. பூட்டு தோற்றது உண்மை. ஆனால் 51 மணி நேரம் காத்ததும் உண்மை. இன்று மின்கலத்தால் சுழலும் கிரைண்டரின் அரத்தட்டில் உள்ள துகள்கள், கடினமாக்கிய எஃகைவிடக் கடினமானவை. தடித்த கம்பியையும் அது சில நிமிடங்களில் அறுத்துவிடும். ஆனால் பேரிரைச்சலும் தீப்பொறிகளும் எழும். எனவே ஆள் நடமாட்டமும் வெளிச்சமும் உள்ள இடம், பூட்டின் மற்றொரு பாதி.

எப்படிப் பூட்டலாம்?

வண்டியின் சட்டம், பின்சக்கரம், தரையில் ஊன்றிய கம்பம் மூன்றையும் சேர்த்துப் பூட்டுங்கள். கம்பத்தின் உச்சி வழியே வண்டியைத் தூக்கி எடுத்துவிட முடியாதா என்று அண்ணாந்து பாருங்கள். முன்சக்கரத்தைக் கையால் கழற்ற முடியுமானால் அதற்குக் கம்பிவடத்தைத் துணையாகப் பயன்படுத்துங்கள், துணையாக மட்டுமே. பூட்டைத் தரையில் கிடக்க விடாதீர்கள். தரை பட்டறைக்கல்லாகிவிடும், கட்டரின் ஒரு பிடியைத் தரையில் ஊன்றி உடல் எடை முழுவதையும் கொண்டு அழுத்த முடியும். சாவித் துளை கீழ்நோக்கி இருந்தால் மழைநீரும் தூசியும் புகா. தேங்காய் எண்ணெய் விடவேண்டாம்; அது தூசியைப் பிடித்துப் பிசினாகும். கிராபைட் தூள் நல்லது.

அந்த மாணவரின் வண்டி கிடைக்கவில்லை. காவல் நிலையத்தில் சட்ட எண்ணைக் கேட்டபோது அவரால், "கறுப்பு வண்டி" என்று மட்டுமே சொல்ல முடிந்தது. பெரும்பாலான வண்டிகளில் மிதி அச்சுக்கு அடியில் அந்த எண் பொறிக்கப்பட்டிருக்கும். இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும், முதல் வேலையாக உங்கள் வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, அந்த எண்ணைக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அதற்குச் செலவு ஏதுமில்லை.