புரோகிராம் ஃபைல்ஸுக்கு நடுவே ஓர் இடைவெளி

காலையில் கணினியைப் போட்டதும் எக்செல், குரோம், கணக்கு ஃபைல் என்று ஒவ்வொன்றாகத் திறந்து அலுத்துப்போய், எல்லாவற்றையும் ஒரே கிளிக்கில் திறக்க ஒரு பேட்ச் ஃபைல் எழுதினேன். மொத்தம் ஐந்து வரி. அதை ஓடவைக்க அரை நாள் போனது. செய்த தப்பெல்லாம் பாதையில்தான்.

பாதையை ஞாபகத்திலிருந்து தட்டாதீர்கள். ஸ்டார்ட் மெனுவில் எக்செலை வலது கிளிக் செய்து 'ஓப்பன் ஃபைல் லொகேஷன்' போனால் ஷார்ட்கட் கிடைக்கும். அதன் பிராப்பர்ட்டீஸில் 'டார்கெட்' கட்டத்தில் இருப்பதே அசல் பாதை. 64 பிட் விண்டோஸில் 32 பிட் ஆஃபீஸ் போட்டிருந்தால் அது 'புரோகிராம் ஃபைல்ஸ் (எக்ஸ்86)'க்குள் கிடக்கும். என் ஃபைலைப் பக்கத்து மேசைக்காரருக்கு அப்படியே கொடுத்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது இதனால்தான்.

அடுத்தது மேற்கோள் குறி. 'புரோகிராம்' என்ற சொல்லுக்குப் பின் ஓர் இடைவெளி இருக்கிறதே, கட்டளை அதோடு முடிந்தது என்று விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். 'சி:\புரோகிராம்' என்று எதுவும் இல்லை எனக் கருப்புத் திரையில் புலம்பும். இந்தப் பெயருக்குள் இடைவெளி வைத்த புண்ணியவானை எத்தனை பேர் திட்டியிருப்பார்களோ! முழுப் பாதையையும் இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள். நோட்பேடில் எழுதுங்கள், வேர்டு வேண்டாம். வேர்டு தருகிற வளைந்த மேற்கோளை பேட்ச் ஃபைல் மேற்கோளாகவே மதிக்காது.

வெறும் பாதையை மட்டும் எழுதினால் எக்செலை மூடும்வரை அடுத்த வரி ஓடாது. அதற்காக முன்னால் 'ஸ்டார்ட்' சேர்த்தேன். எக்செல் வரவில்லை, காலியான கருப்பு ஜன்னல் ஒன்று வந்தது. அதன் தலைப்பில் என் பாதை சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. 'ஸ்டார்ட்' கட்டளைக்கு மேற்கோளுக்குள் முதலில் வருவது ஜன்னலின் தலைப்பு. அதனால் ஒன்றுமில்லாத ஒரு ஜோடி மேற்கோளை முதலில் வைத்து, பிறகு பாதையை எழுத வேண்டும்.

கணக்கு ஃபைல் பேட்ச் ஃபைலின் பக்கத்திலேயே இருந்தால் %, ~, டி, பி, 0 ஐந்தையும் ஒட்டி எழுதி (டி, பி ஆங்கில எழுத்தில்), பிறகு ஃபைல் பெயர். பேட்ச் ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்கிறதோ அந்தப் பாதை அங்கே வந்து நிற்கும். கடைசியில் \ தானாக வரும், நீங்கள் இன்னொன்று போட வேண்டாம்.

கடைசி வரியில் 'பாஸ்' சேர்த்துச் சோதியுங்கள். இல்லாவிட்டால் பிழைச் செய்தி படிக்குமுன் மறைந்துவிடும்.

டாஸ்க் ஷெட்யூலரில் போடுகிறவர்களுக்கு மட்டும் இன்னொன்று. 'ஸ்டார்ட் இன்' கட்டத்தைக் காலியாக விட்டால் வேலை சிஸ்டம்32 ஃபோல்டரில் நின்றுகொண்டு ஃபைலைத் தேடும். ஃபோல்டர் பாதையை நிரப்புங்கள். இவ்வளவு நேரம் மேற்கோள் போடு என்றவனே சொல்கிறேன், அந்த ஒரு கட்டத்தில் மட்டும் போடாதீர்கள். போட்டால் ஃபோல்டர் பெயர் செல்லாது என்று வேலை கிளம்பவே கிளம்பாது.