தண்ணீரை நம்பிக் கட்டும் கூடு

பருந்துக் கூடு என்றால் நாம் அண்ணாந்து பார்ப்போம். சேற்றுப் பூனைப்பருந்தின் கூட்டைத் தேடுபவர் குனிந்துதான் பார்க்க வேண்டும். ஐரோப்பாவிலும் மத்திய ஆசியாவிலும் உள்ள சதுப்புகளில், ஆளை மறைக்கும் நாணலுக்குள், தண்ணீருக்குச் சற்றே மேலே அது கூடு கட்டுகிறது. மரமேறும் எதிரிக்கு அங்கே வேலையில்லை. நரிக்குத்தான் பயம், அதைத் தடுப்பது சுற்றிலும் நிற்கும் தண்ணீர். குளம் வற்றினால் கோட்டைக் கதவு திறந்த மாதிரிதான்.

வசந்தத்தில் புது நாணல் தலைதூக்கும் முன்பே வேலை தொடங்கிவிடுவதால், போன வருடத்துக் காய்ந்த தட்டைகளே மறைப்பு. குச்சி, நாணல், புல் கொண்டு முட்டைக்கான கூட்டைப் பெரும்பாலும் பெண்ணே கட்டுகிறது. ஆணும் சும்மா இருப்பதில்லை. பக்கத்தில் ஒன்றிரண்டு மேடைகள் போட்டு வைக்கும். அவற்றில் முட்டை இருக்காது, உட்கார்ந்து இளைப்பாறத்தான்! பெரும்பாலும் நான்கைந்து முட்டைகள். எல்லாம் இட்டு முடியும் முன்பே அடைகாக்கத் தொடங்கிவிடுவதால், ஒரே கூட்டில் அண்ணன் பெரிதாகவும் கடைக்குட்டி சுண்டுவிரலாகவும் இருக்கும். இரை குறைந்தால் முதலில் போவது கடைக்குட்டி.

அடைகாக்கும் பெண்ணுக்குச் சாப்பாடு வரும் விதம்தான் அழகு. எலியைக் காலில் பிடித்தபடி ஆண் வந்து குரல் கொடுக்கும். பெண் கூட்டிலிருந்து எழும்பி, அவனுக்குக் கீழே பறந்து, சட்டென மல்லாந்து கால்களை நீட்டும். அவன் இரையை நழுவவிட, பெண் அதை அந்தரத்திலேயே பிடித்துக்கொள்ளும். சில ஆண்கள் ஒரே பருவத்தில் இரண்டு, மூன்று கூடுகளுக்குக்கூட இப்படிப் படியளக்க வேண்டியிருக்கும்.

இந்தக் கூடுகளுக்கு இடம் தந்த இங்கிலாந்தின் மின்ஸ்மியர் சதுப்பு இரண்டாம் உலகப் போரில் உருவானது. எதிரிப்படை கரையேறாமல் தடுக்க வயல்களில் தண்ணீரைத் தேக்கினார்கள், நாணல் மண்டியது. டிடிடி போன்ற பூச்சிக்கொல்லிகளால் முட்டை ஓடு மெலிந்து உடைந்த காலத்தில், 1971இல், பிரிட்டன் முழுவதும் கூடு கட்டியது ஒரே ஒரு ஜோடி. அதுவும் மின்ஸ்மியரில். இன்று அந்நாட்டில் சில நூறு ஜோடிகள்.

இந்தப் பறவை நம்மூரில் கூடு கட்டுவதில்லை. குளிர்காலத்துக்கு மட்டும் வந்துபோகும். பள்ளிக்கரணையில் கோரைக்கு மேலே தாழ்வாக, இறக்கையை 'வி' வடிவில் தூக்கிப் பிடித்து, பழுப்பு உடலும் வெளிர் தலையுமாக ஒன்று மிதந்தால் அது பெண்ணாக இருக்கலாம். பங்குனிக்குள் பார்த்துவிடுங்கள்.