உங்களுக்குத் தெரியுமா? வீடு மாறி இடித்துவிட்டார்கள்!

மண்டபம் மாறிப் போய் யாரோ ஒருவரின் கல்யாணத்தில் மொய் எழுதியவர்களைப் பார்த்திருப்பீர்கள். வீடு மாறிப் போய் இடித்துவிட்டு வந்தவர்களைத் தெரியுமா? கதையில்லை! தேதியோடும் கதவு எண்ணோடும் தேடிப்பிடித்து வந்திருக்கிறேன்!

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ரௌலட் என்று ஓர் ஊர். 2015 டிசம்பர் 26-ஆம் தேதி சூறாவளி வந்து ஊரையே புரட்டிப் போட்டது. அங்கே ஓர் இரட்டை வீடு அடிபட்டது, ஆனால் விழவில்லை. பழுது பார்த்துக் குடியேறலாம் என்று உரிமையாளர்கள் காத்திருந்தார்கள். 2016 மார்ச்சில் இடிப்பு ஒப்பந்தக்காரரின் இயந்திரம் வந்தது. மொத்தமும் தரைமட்டம்! இடிக்க வேண்டிய வீடு 7601, கலிப்சோ டிரைவ். இடித்த வீடு 7601, கூஸ்டோ டிரைவ். கதவு எண் அச்சு அசலாக ஒன்றே! இரண்டுக்கும் ஒரே ஒரு தெருதான் தள்ளி!

ஏன் அங்கே போனார்கள்? கூகுள் வரைபடம் அங்கேதான் வழி காட்டியதாம்! சூறாவளிக்குத் தப்பிய சுவர், செல்போனில் வந்த அம்புக்குறிக்குத் தப்பவில்லை!

அதே டெக்சாஸ். ஃபோர்ட் வொர்த் நகரம். 2013 ஜூலை. வாட்டர்கிரஸ் டிரைவில் 9716-ஆம் எண் வீட்டை இடிக்க நகராட்சி ஆள் அனுப்பியது. இடிந்தது 9708! உரிமையாளர்கள் வந்து பார்த்தபோது மிச்சமிருந்தது வெறும் சிமென்ட் தளம்!

2009. ஜார்ஜியா மாநிலம், கேரல்டன். வீட்டுக்காரரின் அப்பா தன் கையாலேயே கட்டிய வீடு. இடித்தவர்கள் சொன்ன விளக்கம் என்ன தெரியுமா? ஜிபிஎஸ் அங்கேதான் காட்டியது!

அட்லாண்டா சம்பவம் இன்னும் பதறவைக்கும். 2023-இல் ஒரு பெண்மணி குடும்பத்தோடு வெளியூர் போயிருந்தார். பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்து போன்: "உங்க வீட்டை இடிக்க யாரையாவது அனுப்பினீங்களா?" இல்லையே என்று இவர் பதற, அங்கே வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. தடுத்துக் கேட்ட அந்தப் பக்கத்து வீட்டுக்காரரை "உங்க வேலையைப் பாருங்க" என்று அதட்டியிருக்கிறார்கள்! உறவினர் ஒருவர் ஓடிப் போய் அனுமதிச் சீட்டைக் காட்டச் சொன்னார். எடுத்துப் படித்த பிறகுதான் பொறுப்பாளருக்கே தெரிந்தது, வந்தது தப்பான முகவரி! கையிலேயே இருந்த காகிதம்! அந்தக் குடும்பம் சுமார் 15 ஆண்டுகளாகப் பூட்டி வைத்து, புல் வெட்டி, வரியும் கட்டி வந்த வீடு அது!

அமெரிக்கா இருக்கட்டும், நம் நாட்டுக்கு வாருங்கள். உத்தரப் பிரதேசம், பிரயாக்ராஜ். 2021 மார்ச் 6-ஆம் தேதி நோட்டீஸ். மறுநாளே வீடுகள் காலி! ஒரு வழக்கறிஞர், ஒரு பேராசிரியர், இரண்டு கைம்பெண்கள் என்று பலரின் வீடுகள். பின்னாளில் கொல்லப்பட்ட தாதா அரசியல்வாதி ஆதிக் அகமதுவின் நிலம் என்று தவறாக நினைத்து இடித்துவிட்டார்கள் என்பது அவர்கள் தரப்பு வாதம். 2025 ஏப்ரல் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மனசாட்சியை உலுக்கும் செயல் என்றது. வீட்டுக்காரர் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய்! ஆறே வாரத்தில் கொடுக்க வேண்டும்!

அதே மாநிலம், மகராஜ்கஞ்ச். 2019-இல் சாலை அகலப்படுத்த ஒரு வீட்டை இடித்தார்கள். ஆக்கிரமிப்பு என்று அரசே சொன்ன அளவு வெறும் 3.7 மீட்டர். இடிந்ததோ முழு வீடு! 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் விதித்த இடைக்கால இழப்பீடு 25 லட்சம்!

தென்னேரி, காஞ்சிபுரம் பக்கத்து நெசவாளர் வீட்டை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. மேலே ஜக்கார்டு பெட்டி, கீழே தறிக்குழி, நடுவில் பாதி நெய்த பட்டு. வீடு, பட்டறை, முதலீடு மூன்றும் ஒரே கூரைக்குக் கீழே! அப்படி ஒரு வீட்டில் தவறிப்போய் ஒரு கை வைத்தால் போதும், அன்றைய சோறும் போச்சு, வரப்போகும் தீபாவளியும் போச்சு!

உங்கள் பட்டாவைக் கடைசியாக எப்போது எடுத்துப் பார்த்தீர்கள்? சர்வே எண்ணுக்குப் பக்கத்தில் 2ஏ, 2பி என்று உட்பிரிவு இருக்கும். ஓர் எழுத்து மாறினால் அது பக்கத்து வீட்டுக்காரர் இடம்! பட்டாவையும் புல வரைபடத்தையும் தமிழக அரசின் இணையதளத்திலேயே பார்க்கலாம். இன்றே பாருங்கள்!

அரசு நிலத்தில் ஆக்கிரமிப்பே செய்திருந்தாலும், நடவடிக்கைக்கு முன் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று நம் மாநிலத்தில் சட்டம் வந்த ஆண்டு தெரியுமா? 1905!

2024 நவம்பர் 13-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் போட்ட விதிகள் இன்னும் கடுமை. பதிவுத் தபாலில் நோட்டீஸ், வீட்டுச் சுவரிலும் ஒட்ட வேண்டும், 15 நாள் அவகாசம், கலெக்டருக்கு மின்னஞ்சல், இடிப்பதை வீடியோவும் எடுக்க வேண்டும். மீறினால் இடித்த கட்டடத்தை மீட்டுத் தரும் செலவு அதிகாரியின் சொந்தப் பணத்திலிருந்து! தீர்ப்பு தந்த இரண்டு நீதிபதிகளில் ஒருவர் நம் ஊர்க்காரர், கே.வி. விஸ்வநாதன்!

ஆனால் ஒரு விலக்கு உண்டு. சாலை, நடைபாதை, ரயில் பாதை ஓரம், ஆறு, நீர்நிலை இவற்றில் கட்டியிருந்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. தென்னேரி மாதிரி பெரிய ஏரியை ஒட்டி வாழ்கிறவர்கள் இதை இரண்டு தடவை படியுங்கள்!

இடிக்கும் முன் பதிவு செய்வது 2024-இல் வந்த யோசனை என்றா நினைத்தீர்கள்? திருமழபாடிக் கோயிலைப் பாருங்கள்! பழைய விமானத்தைப் பிரித்துக் கல்லால் புதிதாகக் கட்டச் சொன்னான் ராஜராஜ சோழன். அதற்கு முன் சுவரிலிருந்த கல்வெட்டுகளையெல்லாம் புத்தகத்தில் படி எடுக்கவும் ஏற்பாடாகியிருந்தது! மகன் ராஜேந்திரன் காலத்தில் அவை புதுச் சுவரில் மறுபடி வெட்டப்பட்டன. தானம் கொடுத்தவர் ஒருவர் பெயரும் காணாமல் போய்விடக் கூடாது என்ற அக்கறை. ஆயிரம் ஆண்டுக்கு முன்!

சென்னை அண்ணா சாலையில் 1897-ஐச் சேர்ந்த பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடம். 2006-இல் இடிக்கத் தொடங்கி, கொஞ்சம் போயும்விட்டது. ஆர்வலர்கள் உயர் நீதிமன்றத்துக்கு ஓடினார்கள். சுத்தியல் பாதியில் நின்றது!

சரியாக இடிப்பது எப்படியிருக்கும்? நொய்டா இரட்டைக் கோபுரம், 2022 ஆகஸ்ட் 28. வெடிமருந்து 3,700 கிலோ. பக்கத்துக் குடியிருப்பு இருந்த தூரம் 9 மீட்டர்! 32 மாடியும் 29 மாடியும் உட்கார்ந்தன, பக்கத்துக் குடியிருப்பு நின்றது. எடுத்துக்கொண்ட நேரம் 9 விநாடி!

கடைசியாக லண்டன். கார்ல்டன் டேவர்ன் என்ற மதுக்கடை, 1920-களின் தொடக்கத்தில் கட்டியது. 2015 ஏப்ரலில் அனுமதியே வாங்காமல் இடித்தார்கள். பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்படும் வேளை நெருங்கியிருந்தது! மக்கள் விடவில்லை. ஒவ்வொரு செங்கல்லும் பழையபடி இருக்க வேண்டும், திரும்பக் கட்டு என்று உத்தரவு வாங்கினார்கள். இடித்தவர்களே கட்டினார்கள்! 2021-இல் அதே இடத்தில், அதே முகத்தோடு கடை திறந்தது. இடிக்க ஒரே நாள், எழுப்ப ஆறு வருஷம்!