திறக்காத கதவும் ஒரு பாட்டும்

டிஸ்கோ என்றாலே முகம் சுளிக்கும் பெரியவர்கள் நம்மில் உண்டு. அந்த ஆட்டப் பாட்டுகளுள் ஒன்று பிறந்த கதையைக் கேளுங்கள்.

1977-ஆம் ஆண்டின் கடைசி இரவு. நியூயார்க் நகரில் 'ஸ்டூடியோ 54' என்னும் புகழ்பெற்ற நடன விடுதி. பாடகி கிரேஸ் ஜோன்ஸ் அழைத்ததன் பேரில், 'ஷீக்' இசைக்குழுவின் நைல் ரோஜர்ஸும் பெர்னார்ட் எட்வர்ட்ஸும் நல்ல உடை உடுத்தி அங்கே போனார்கள். இருவரும் கறுப்பின இளைஞர்கள். அவ்வாண்டே ஒரு நடனப் பாட்டால் பெயர் வாங்கியவர்கள். ஆனால் வாயிற்காவலரின் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. வசவோடு கதவு மூடப்பட்டது.

நைலின் வீட்டுக்குத் திரும்பினார்கள். ஒருவர் கிட்டார், மற்றவர் பேஸ் கிட்டார். காவலர் சொன்ன கெட்ட வார்த்தையையே திருப்பித் திருப்பிப் பாடி ஆத்திரத்தைத் தீர்த்துக்கொண்டார்கள். மெட்டு நன்றாக அமைந்துவிட்டது! வசவை வானொலியில் பாட முடியுமா? அந்த இடத்தில் அப்போது பரவியிருந்த 'ஃப்ரீக்' என்ற ஆட்டத்தின் பெயரை வைத்தார்கள்.

ஃபங்க் இசையின் நுட்பம் இதில் நன்றாகத் தெரியும். கிட்டார் இங்கே ராகம் இழுப்பதில்லை. நைலின் வலக்கை தந்திகளை வெட்டி வெட்டித் தாளம் போடும். அந்த இடைவெளிகளில் பெர்னார்டின் பேஸ் பதில் சொல்லும்.

1978-இல் 'லெ ஃப்ரீக்' வெளிவந்தது; அமெரிக்காவில் மொத்தம் ஆறு வாரம் முதலிடம். 2018-இல் அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகம் அதைப் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளில் சேர்த்தது. விரட்டிய விடுதியின் பெயரும் பாட்டுக்குள்ளேயே இருக்கிறது, ஆட வரச்சொல்லும் இடமாக!