அண்டை வீட்டாருக்கு வழி

மேற்கு ஜெர்மனியில், நிலக்கரிச் சுரங்கமும் இரும்பாலையுமே ஜீவனோபாயமாக இருந்த ஓபர்ஹவுஸன் நகரில், ஹில்மார் ஹோஃப்மன் என்பவரின் முயற்சியால் 1954-இல் ஆரம்பமான குறும்பட விழா, ‘அண்டை வீட்டாருக்கு வழி’ என்னும் வாசகத்தைத் தன் லட்சியமாக ஏற்று, ஐரோப்பா இரண்டு முகாம்களாகப் பிளவுண்டு கிடந்த அக்காலத்திலேயே போலந்து, செக்கோஸ்லோவாகியா முதலிய கம்யூனிஸ்ட் தேசங்களின் சிறு படங்களைத் தருவித்துத் திரையிட்டது.

தருவிப்பது பெரிதல்ல, எதைத் தருவிப்பது என்பதில்தான் சங்கடமெல்லாம். அந்தந்தத் தேசத்தாரே பொறுக்கி அனுப்பட்டும் என்று விட்டுவிட்டால் (கான் விழாவில்கூட 1972 வரையில் பெரும்பாலும் இதுவே சம்பிரதாயம்) வந்து சேருவது, பெண் பார்க்க வருகிறவர்களுக்காகப் பெருக்கிக் கோலமிட்ட கூடம் மாதிரி இருக்கும். கொல்லைப்புறம் கண்ணில் படாது. அயலார் அதைக் காட்டினாலும் மனஸ்தாபந்தான். நாஜி வதைமுகாம்களைப் பற்றி அலென் ரெனே எடுத்த ‘இரவும் மூடுபனியும்’ என்ற 32 நிமிஷப் பிரெஞ்சுப் படம், மேற்கு ஜெர்மன் அரசாங்கத்தின் ஆட்சேபத்தால் 1956-இல் கான் போட்டியிலிருந்து விலக்கப்பட்டு, போட்டிக்குப் புறம்பாகவே காட்டப்பட்டது.

ஐந்து வருஷம் கழித்து, அதே கொல்லைப்புறத்தை ஜெர்மானியரே திறந்துகாட்டினர். நியூரம்பெர்க் நகரில் நாஜிகள் பேரணி நடத்திய இடத்தின் ஆளற்ற படிகளையும் மண்டபங்களையும் காட்டியே அந்த ஆட்சியின் அகங்காரத்தை உணர்த்திய ‘கல்லில் கொடூரம்’, க்ளூகே, ஷமோனி என்ற இரு இயக்குநர்கள் சேர்ந்து எடுத்தது, 1961-இல் ஓபர்ஹவுஸனில் இடம்பெற்றது. மறு வருஷம் பிப்ரவரி 28-ஆம் தேதி, க்ளூகே உள்ளிட்ட 26 பேர் அங்கேயே கூடி, பழைய ஜெர்மன் சினிமா இறந்துவிட்டதென்று பிரகடனம் செய்தார்கள்.

‘கல்லில் கொடூரம்’ போன்ற கனத்த படத்தைத் தேர்ந்தெடுத்த பின்னும், காட்சி வரிசையில் அதை எங்கே வைப்பது? ஒன்றரை மணி நேரத்தில் ஐந்தாறு படங்கள் ஓடும் காட்சியில், துக்கத்தின் மேல் துக்கமாக அடுக்கினால் மனம் மரத்துப்போகிறது. உடனே ஹாஸ்யத்தைப் போட்டாலோ இரண்டும் கெடுகின்றன. தவிர, அரை மணிப் படம் ஒன்றை எடுத்துக்கொண்டால் பத்து நிமிஷப் படங்கள் மூன்று வெளியே நிற்கும். அந்த மூன்றில் ஒன்றுதான் நெடுநாள் உறுத்தும் என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம்.

அயலாருக்கு அவ்வளவு தாராளமாகக் கதவு திறந்த அந்த ஓபர்ஹவுஸன் விழாவே, 1968-இல், திரைப்பட மானியச் சட்டத்தைக் கேலி செய்த ஹெல்முட் கோஸ்டார்டின் படம் ஆபாசமென்று வழக்கு வரக்கூடுமென அஞ்சி அதை நீக்கியது. அதைக் கண்டித்து ஜெர்மன் இயக்குநர்கள் பலர் தங்கள் படங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.