படிகத்தின் நெடுக்கும் குறுக்கும்

மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே, மழை அரிதாகப் பெய்யும் வறண்ட நிலப்பகுதியில் அமைந்தது விருதுநகர் மாவட்டம். உழவை மட்டும் நம்பி வாழ இயலாத அந்நிலத்து மக்களுக்கு வேறு தொழில்கள் தேவைப்பட்டன. 1920களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுத் திரும்பினர். நீர் வளத்துக்குப் பகையாக இருந்த வறட்சியே, ஈரம் ஆகாத தீக்குச்சிக்கும் பட்டாசுக்கும் துணையாயிற்று. சிவகாசியின் பெயர் நாடெங்கும் பரவியது.

ஏறத்தாழ அதே காலத்தில், அதே வட்டாரத்திலிருந்து மற்றோர் இளைஞரும் கல்கத்தாவுக்குச் சென்றார். அவர் தொழில் கற்கச் செல்லவில்லை. இயற்கையின் நுட்பங்களை ஆராயச் சென்றார். மலையடிவாரத்து ஊராகிய வத்திராயிருப்பில் 1898ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 4ஆம் நாள் பிறந்த கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணனே அவர். திருவில்லிபுத்தூரில் பள்ளிக் கல்வியும், மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் உயர்கல்வியும் பெற்ற அவர், கல்கத்தாவில் சர் சி. வி. இராமனிடம் ஆராய்ச்சியாளராகச் சேர்ந்தார். 1928இல் இராமன் விளைவு கண்டறியப்பட்டபோது அவ்வாராய்ச்சியில் உடனிருந்து உழைத்தவர் கிருஷ்ணன். எனினும், அவருக்கே உரிய ஆராய்ச்சித் துறை ஒன்று உண்டு. படிகங்களின் பண்புகள் திசைக்குத் திசை ஏன் வேறுபடுகின்றன என்பதே அது.

திசைக்கு ஏற்பப் பண்பு மாறுமோ என்னும் ஐயம் எழுவது இயல்பே. விறகைப் பிளப்பவர் இதனை நன்கு அறிவர். நார் ஓடும் திசையில் கோடரியை இறக்கினால் கட்டை எளிதில் பிளக்கும். குறுக்கே வெட்டினால் கோடரி துள்ளும். மரம் ஒன்றே, ஆயினும் நெடுக்கில் ஒரு தன்மை, குறுக்கில் மற்றொரு தன்மை. படிகம் என்பது அணுக்கள் ஒழுங்கான வரிசையில் அடுக்கப்பட்ட பொருள். அவ்வரிசை எல்லாத் திசைகளிலும் ஒத்திருந்தால் மின்சாரமும் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவாகப் பாயும். வரிசை திசைக்குத் திசை வேறுபட்டால், மின்சாரம் ஒரு திசையில் எளிதாகவும் மற்றொரு திசையில் அரிதாகவும் பாயக்கூடும்.

இதனை விளக்குவதற்குப் பென்சிலின் உள்ளே இருக்கும் கருமைப் பொருளைவிடச் சிறந்த சான்று வேறில்லை. காரீயம் என்று வழக்கில் கூறினும் அது ஈயம் அன்று. கிராஃபைட் என்னும் கரியின் வடிவம். சிவகங்கை மாவட்டத்து மண்ணிலும் இலங்கையின் போகல போன்ற சுரங்கங்களிலும் அது கிடைக்கின்றது. வைரமும் கரியணுக்களால் ஆனதே. வைரத்தில் ஒவ்வோர் அணுவும் நான்கு அணுக்களோடு நாற்புறமும் இறுகப் பிணைந்திருத்தலால், மின்சாரத்தைச் சுமந்து செல்லத் தனித்த எலெக்ட்ரான்கள் அங்கு இல்லை. அது அரிதிற் கடத்தி. கிராஃபைட்டிலோ ஒவ்வோர் அணுவும் தன் தளத்தில் உள்ள மூன்று அணுக்களோடு மட்டுமே பிணைகின்றது. தேன்கூட்டின் அறைகளைப் போன்ற அறுகோண வலையாக அத்தளம் விரிகின்றது. அணுவுக்கு ஒன்றாக எஞ்சும் எலெக்ட்ரான், அவ்வலை முழுவதும் தடையின்றி உலவுகின்றது.

இத்தகைய தளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டதே கிராஃபைட் படிகம். இதனை ஓர் ஓலைச்சுவடிக்கு ஒப்பிடலாம். ஒரே ஓலையின்மீது எறும்பு எளிதாக ஊர்ந்து செல்லும். ஓர் ஓலையிலிருந்து அடுத்த ஓலைக்கு அது எளிதில் தாவ இயலாது. ஒரு தளத்தில் அடுத்தடுத்துள்ள அணுக்களுக்கு இடையே உள்ள தொலைவு 1.42 ஆங்ஸ்ட்ராம். ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடிக் கூறுகளாக்கினால் கிடைக்கும் ஒரு கூறே ஆங்ஸ்ட்ராம் ஆகும். ஒரு தளத்துக்கும் அடுத்த தளத்துக்கும் இடையே உள்ள தொலைவோ 3.35 ஆங்ஸ்ட்ராம். தளங்களுக்கு இடையே உள்ள பிணைப்பும் வலுவற்றது. ஆதலால்தான் பென்சிலைத் தாளில் அழுத்தும்போது தளங்கள் வழுக்கிப் பிரிந்து எழுத்தாகப் படிகின்றன.

கிருஷ்ணன் முதலில் மின்சாரத்தை அளக்கவில்லை, காந்தத்தை நாடினார். நுண்ணிய குவார்ட்சு இழையில் சிறு படிகத்தைத் தொங்கவிட்டுக் காந்தப்புலத்தில் வைத்து, அது எவ்வாறு திரும்புகின்றது என்று அளக்கும் நுட்பமான முறைகளை அவர் வகுத்திருந்தார். காந்தப்புலம் கிராஃபைட் தளங்களுக்குச் செங்குத்தாக அமையும்போது படிகம் அப்புலத்தை மிகுதியாக எதிர்க்கின்றது. தளங்களின் வழியே அமையும்போது அவ்வெதிர்ப்பு மிகச் சிறிதே. இரண்டுக்கும் உள்ள வேற்றுமை ஏறத்தாழ நாற்பது மடங்கு. 1934இல் இதனை அவர் வெளியிட்டார். எலெக்ட்ரான்கள் தளத்துக்குள் வட்டமிடத் தாராளமான உரிமை பெற்றிருப்பதும், தளத்தை விட்டு வெளியேற அவ்வுரிமை பெறாதிருப்பதுமே இதற்குக் காரணம் ஆகலாம். அவ்வாறாயின், மின்னோட்டத்திலும் அதே வேற்றுமை புலப்பட வேண்டும் அன்றோ?

இவ்வினாவுக்கு விடை காண்பது எளிதன்று. கிராஃபைட் படிகம் மெல்லிய செதில் வடிவில் கிடைக்கும். அதன் தளத்தின் வழியே மின்தடையை அளத்தல் ஓரளவு எளிது. குறுக்கே அளக்க வேண்டுமாயின், செதிலின் மேல் முகத்திலும் கீழ் முகத்திலும் கம்பிகளை இணைத்தல் வேண்டும். கம்பியின் முனை ஒரு புள்ளியில் மட்டும் படுமாயின், மின்னோட்டம் எளிய வழியாகிய தளத்தின் வழியே பரவிச் செல்லும்; அளவு பிழைபடும். ஆகவே மின்தொடர்பு முகம் முழுவதையும் சீராக மூட வேண்டும். படிகத்தில் நுண்ணிய விரிசல் இருந்தாலும் விடை மாறிவிடும்.

இத்தகைய இடர்ப்பாடுகளுக்கு இடையே கிருஷ்ணனும் அவருடன் பணியாற்றிய கங்குலியும் ஆராய்ச்சியை நடத்தி, 1939இல் அதன் முடிவை வெளியிட்டனர். தளத்தின் வழியே கிராஃபைட் பாதரசம் போன்ற ஓர் உலோகத்தோடு ஒப்பிடத்தக்க எளிதிற் கடத்தி. குறுக்கே அதன் கடத்துதிறன் ஏறத்தாழப் பதினாயிரத்தில் ஒரு பங்கே. பிற்காலத்தில் பலர் செய்த அளவீடுகளில் இவ்வேற்றுமை, படிகத்தின் தன்மைக்கும் செம்மைக்கும் ஏற்பச் சில நூறு மடங்கு முதல் பல்லாயிரம் மடங்கு வரை அமைந்தது. அளவு மாறினும் உண்மை மாறவில்லை. ஒரே பொருள், நெடுக்கில் உலோகம் போன்றும் குறுக்கில் ஏறத்தாழத் தடுப்புச்சுவர் போன்றும் நிற்கின்றது.

குறுக்கு மின்சாரத்தில் மற்றொரு வகையும் உண்டு. 1879இல் அமெரிக்க நாட்டில் எட்வின் ஹால் என்னும் மாணவர் மெல்லிய தங்கத் தகட்டில் மின்னோட்டத்தைச் செலுத்தி, அதற்குச் செங்குத்தாகக் காந்தப்புலத்தை வைத்தார். மின்னூட்டம் தாங்கிய துகள்கள் காந்தத்தால் ஒருபுறம் ஒதுங்க, தகட்டின் இரு விளிம்புகளுக்கு இடையே சிறு மின்னழுத்தம் தோன்றியது. ஹால் விளைவு எனப்படும் இது குறைகடத்திகளில் மிகத் தெளிவாகப் புலப்படும். குறைகடத்தியில் மின்சாரத்தைச் சுமப்பன எதிர்மின் எலெக்ட்ரான்களா, எலெக்ட்ரான் நீங்கிய நேர்மின் துளைகளா என்பதையும், அவை எத்துணை என்பதையும் இக்குறுக்கு மின்னழுத்தம் காட்டிவிடும். இன்று மின்சார வண்டிகளின் மோட்டார்கள் பலவற்றில் சக்கரம் திரும்பும் நிலையை உணர்த்துவதும் இவ்விளைவே.

மின்சாரம் செல்ல வேண்டிய வழியே செல்லுதலும், செல்லத் தகாத வழியில் செல்லாதிருத்தலுமே குறைகடத்திக் கருவிகளின் உயிர்நிலை எனலாம். கருவிகள் பலவற்றுக்கு அடிப்படையான சிலிக்கன் படிகத்தில் அணுவரிசை கனசதுர அமைப்பு உடையது. ஆகையால் இயல்பாக அதில் மின்சாரம் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவாகப் பாயும். ஒரு சிறு சில்லில் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்களை அருகருகே அமைக்கும்போது, ஒன்றின் மின்சாரம் அடுத்ததற்குள் கசிந்தால் கணக்கு முழுவதும் பிழைபடும். எனவே, ஒருவழிச் சந்திகளையும் சிலிக்கன் ஆக்சைடு என்னும் தடுப்பையும் இடையிடையே அமைத்துப் பொறியியலார் குறுக்குப் பாதையை அடைக்கின்றனர். கிராஃபைட்டுக்கு இயற்கை அளித்த வேற்றுமையைச் சிலிக்கனில் மனிதன் உண்டாக்குகின்றான்.

தீப்பெட்டியோடு தொடர்புடைய சான்று ஒன்றும் இங்குக் கூறத்தக்கது. தீப்பெட்டியின் பக்கத்தில் பூசும் கலவையில் சிவப்புப் பாஸ்பரசுடன் ஆன்டிமனி சல்பைடும் சேர்வதுண்டு. அதுவும் ஒரு குறைகடத்தியே. ஒளி பட்டால் அதன் மின்கடத்து திறன் உயரும். 1950இல் அமெரிக்காவில் உருவான விடிகான் என்னும் தொலைக்காட்சிப் படப்பிடிப்புக் குழாயில் பின்னர் இப்பொருளே மெல்லிய படலமாகப் பூசப்பட்டது. ஒளி விழுந்த இடத்தில் படலத்தின் ஒரு முகத்திலிருந்து மறு முகத்துக்கு மின்னூட்டம் கடந்து செல்லும். அது பக்கவாட்டில் பரவினால், ஈரத்தாளில் எழுதிய மையைப் போலப் படம் கலங்கிவிடும். பக்கவாட்டில் பரவ இடங்கொடாத படலமாக அமைந்தமையாலேயே அங்கே தெளிவான படம் கிட்டியது.

இவ்வாராய்ச்சி ஆய்வுக்கூடத்துக்கு மட்டும் உரியதன்று. பட்டாசுத் தொழிலில் இது உயிரைக் காக்கும் அறிவும் ஆகும். உராய்வினால் மனித உடலிலும் உடையிலும் கருவியிலும் மின்னூட்டம் சேரும். ஏறத்தாழ 3000 வோல்ட்டுக்குக் குறைந்த அழுத்தத்தில் பாயும் பொறியை மனிதன் பெரும்பாலும் உணர்வதே இல்லை. ஆயினும், அவன் உணராத அச்சிறு பொறியே எளிதில் தீப்பற்றும் சில மருந்துக் கலவைகளுக்குப் போதுமானது. சிவகாசிக்குத் துணையான வறண்ட காற்றே இங்கு எதிரியாக மாறுகின்றது. ஈரக்காற்றில் பொருள்களின் மேற்பரப்பு வழியே மெல்லக் கசிந்துவிடும் மின்னூட்டம், வறண்ட காற்றில் அகலாமல் தங்கிவிடுகின்றது. செயற்கை இழை உடைகளைத் தவிர்த்துப் பருத்தி உடை உடுத்துவதும், மருந்து அறைக்குள் நுழையுமுன் நிலத்தோடு இணைத்த உலோகத் தகட்டைத் தொடுவதும் இதனாலேயே வலியுறுத்தப்படுகின்றன.

வெடிமருந்து கையாளும் இடங்களில் விரிப்பதற்கென்று மின்கடத்தும் இரப்பர் விரிப்புகள் செய்யப்படுகின்றன. இரப்பர் இயல்பில் அரிதிற் கடத்தி. அதனோடு கரிப்புகைத் தூளைக் கலந்தால் அது மின்சாரத்தைக் கடத்தும். அத்தூளின் ஒவ்வொரு துகளிலும் கிராஃபைட்டைப் போன்ற நுண்ணிய தளங்கள் உள்ளன. துகள்கள் எண்ணற்றனவாய்த் திசை ஒழுங்கின்றிக் கலந்து கிடப்பதால், ஒன்று அடைத்த வழியை மற்றொன்று திறக்கின்றது. படிகத்தில் குறுக்கே தயங்கிய மின்னூட்டம் விரிப்பில் எவ்வழியேனும் நிலத்தை அடைகின்றது. உடலில் சேர்ந்த மின்னூட்டம் பொறியாக வெடிக்காமல் அமைதியாக இறங்கிவிடுகின்றது.

கிராஃபைட்டின் கதை கிருஷ்ணனோடு முடிந்துவிடவில்லை. 2004இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் கைம், நோவோசெலாவ் என்னும் அறிஞர்கள், ஒட்டும் நாடாவால் கிராஃபைட்டை மீண்டும் மீண்டும் உரித்து, ஓர் அணுப் பருமனே உள்ள தனித் தளத்தைப் பிரித்தனர். சுவடியிலிருந்து ஓர் ஓலையை உருவி எடுத்ததற்கு இது ஒப்பாகும். கிராஃபீன் எனப்பட்ட அத்தளத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்காக அவர்கள் 2010இல் நோபல் பரிசு பெற்றனர். எலெக்ட்ரான்கள் தளத்துக்குள் உரிமையோடு உலவுகின்றன என்று அதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே காந்தத்தாலும் மின்சாரத்தாலும் கண்டவர் வத்திராயிருப்பில் பிறந்த அறிஞர்.

கிருஷ்ணன் 1940இல் இலண்டன் ராயல் கழகத்தின் உறுப்பினரானார். விடுதலை பெற்ற இந்தியாவின் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தை அதன் முதல் இயக்குநராக இருந்து வளர்த்தார். 1954இல் பத்மபூஷண் விருதும், 1958இல் முதலாவது பட்நாகர் பரிசும் அவருக்கு வழங்கப்பட்டன. 1961ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் அவர் மறைந்தார்.

தீக்குச்சியை உரசுபவர் நெருப்பைக் காண்கின்றார். பென்சிலால் எழுதுபவர் எழுத்தைக் காண்கின்றார். அவ்வெளிய பொருள்களின் உள்ளே அணுக்கள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்று வினவியவர்க்கே மின்சாரத்தின் வழிகள் புலப்பட்டன. கைக்கு எட்டிய பொருளைக் கூர்ந்து நோக்குவோர்க்கு அறிவின் வாயில் எவ்வூரிலும் திறந்தே இருக்கும்.